கோல் விழுந்தால் கத்துவதற்குக்கூட அனுமதி வேண்டியிருக்கிறது

பழைய காலாங்காரன்

போன சனிக்கிழமை ராத்திரி. சிங்கப்பூர் தோ பாயோவில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் கோப்பிக்கடை, வழக்கமான மேசை, வழக்கமான நாலு பேர். எல்லாருக்கும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. லிவர்பூல் கோல் போட்டது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் கையை மட்டும் தூக்கி "பொறு, பொறு, பார்க்கட்டும்" என்றார். திரையில் நடுவர், விஏஆர் என்ற வீடியோ நடுவரின் சொல்லுக்காகக் காதில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறார், ஆட்டக்காரர்கள் தண்ணீர் குடிக்கிறார்கள், நாங்கள் ஆறிப்போன தே ஓவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். கடைசியில் கோல்தான் என்று சொன்னபோது ஒருவர் கை தட்டினார், பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் தட்டுகிற மாதிரி.

வீட்டுக்குப் போய்ப் படுத்தும் தூக்கம் வரவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் இந்த விளையாட்டைப் பார்க்கிறேன். காற்பந்தில் முக்கால்வாசி நேரம் ஒன்றும் நடக்காது, அது எல்லாருக்கும் தெரியும். அந்த ஒரு நொடிக்காகத்தான் மிச்சத்தைப் பொறுத்துக்கொள்வது. அந்த நொடியை எடுத்து லண்டனில் ஸ்டாக்லி பார்க் என்ற இடத்தில் ஓர் அறைக்குள் பூட்டி வைத்துவிட்டார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான்.

1977இல் அப்பா என்னை முதன்முதலாகக் காலாங் விளையாட்டரங்குக்குக் கூட்டிப் போனார். எனக்குப் பத்து வயது. அவர் துறைமுகத்தில் வேலை, அன்று பாதி நாள் லீவு போட்டிருந்தார். சூடான சிமெண்டுப் படி, காகிதக் கூம்பில் கச்சாங் பூத்தே கடலை, முன்னால் நிற்பவரின் முதுகு. பாதி ஆட்டம் எனக்குத் தெரியவே இல்லை. ஆனால் கோல் விழுந்தபோது அந்த 55,000 பேரின் சத்தம் காலுக்குக் கீழே இருந்து ஏறி வந்தது. நான் பார்க்காத கோலுக்கு நானும் கத்தினேன். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். சரியான கோலா, தப்பான கோலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இன்னும் சொல்லப்போனால் விஏஆர் மட்டும் இல்லை. ஆஃப்சைடு என்று கண்ணுக்கே தெரிகிறது, ஆனாலும் கோட்டு நடுவர் கொடியைத் தூக்காமல் கூடவே ஓடுகிறார், அந்தத் தாக்குதல் முடிந்த பிறகு தூக்குகிறார். 2025 மே மாதம் நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட் அணியின் அவோனியி அப்படித்தான் வீணான ஓட்டம் ஓடிக் கோல் கம்பத்தில் மோதி, அறுவை சிகிச்சை, செயற்கை மயக்கம் என்று போனார். ஒரு பருவத்துக்கு மூன்று ஜெர்சி. 104 ஆட்டம் உள்ள உலகக் கிண்ணம். ஒவ்வொரு பாதியிலும் மூன்று நிமிடத் தண்ணீர் இடைவேளை, வெயில் அடித்தாலும் அடிக்காவிட்டாலும். தண்ணீர் யாருக்கு, விளம்பரம் யாருக்கு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

எனக்கு மட்டும்தான் இப்படி இருக்கிறதா? இல்லை, வயசாகிவிட்டதா? நேராகச் சொல்லுங்கள்.

கோப்பி ஓ கோசோங்

வயசாகிவிட்டது அண்ணே.

தெம்பனிஸ் தம்பி

அண்ணே, கோபப்படாதீர்கள், ஆனால் அப்பா கதையின் கடைசி வரியில் நீங்களே மாட்டிக்கொண்டீர்கள். "சரியான கோலா, தப்பான கோலா தெரியாது" என்று சந்தோஷமாகச் சொல்கிறீர்கள். தப்பான கோலாக இருந்தால் எதிரணிக்காரனின் பத்து வயது மகன் அன்று அழுதிருப்பான் இல்லையா?

1986இல் மரடோனா கையால் தட்டினார். 2009இல் அயர்லாந்துக்கு எதிராக ஹென்றி கையில் பந்தை நிறுத்திக் கொடுத்தார், அயர்லாந்து உலகக் கிண்ணத்துக்கே போகவில்லை. 2010இல் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லம்பார்ட் அடித்த பந்து கோட்டைத் தாண்டி ஒரு முழம் உள்ளே விழுந்தது, மைதானத்தில் இருந்தவர்களில் நடுவர் கூட்டத்துக்கு மட்டும்தான் தெரியவில்லை. இதையெல்லாம் அழகு என்று சொல்கிற தலைமுறை உங்களுடையது. எங்களுக்கு அது அழகு இல்லை, திருட்டு.

நான் ஆர்சனல் ரசிகன். ஹென்றி எனக்குச் சாமி. இருந்தாலும் அது திருட்டுத்தான்.

பழைய காலாங்காரன்

தம்பி, லம்பார்ட் கோலைக் கொண்டுவராதே. பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பதற்கு நடுவர் கையில் கடிகாரம் அதிர்கிறது, ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது, அதை நான் குறை சொல்லவே இல்லை. கோல் கோட்டுத் தொழில்நுட்பம் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, யாராவது அதைத் திட்டிக் கேட்டிருக்கிறாயா? அது பதில் சொல்கிறது. இது விசாரணை நடத்துகிறது. இரண்டும் ஒன்றா?

2024 ஏப்ரல் 21, எஃப்ஏ கிண்ண அரையிறுதி, வெம்ப்ளி. அப்போது இரண்டாம் நிலை லீக்கில் ஆடிய கோவென்ட்ரி, மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 0-3 என்று பின்தங்கிக் கிடந்து 3-3 ஆக்கியது. கூடுதல் நேரமும் முடிகிற கடைசி நிமிடத்தில் டார்ப் என்ற பையன் கோல் போட்டான். நான் கோவென்ட்ரி ரசிகன் இல்லை. கோவென்ட்ரி எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டச் சொன்னால் திணறுவேன். ஆனாலும் சோபாவிலிருந்து குதித்தேன், வீட்டுக்காரி அறையிலிருந்து ஓடி வந்தாள். கோவென்ட்ரி ரசிகர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அழுகிறார்கள். அப்புறம் கோடு போட்டார்கள். கால் விரல் அளவு ஆஃப்சைடு. பெனால்டியில் தோற்றார்கள்.

அந்த விரல் நுனியால் கோவென்ட்ரிக்கு என்ன லாபம் கிடைத்தது? ஆஃப்சைடு விதி எதற்கு வந்தது, கோல் வாசலில் போய்ச் சும்மா நின்றுகொண்டு பந்துக்குக் காத்திருக்கக் கூடாது என்பதற்குத்தானே.

கோப்பி ஓ கோசோங்

நான் யுனைடெட். அந்தக் கோடு ரொம்ப அழகான கோடு. வீட்டில் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

விசில் மாமா

ஓர் ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன், இனி பேசாமல் இருக்க முடியாது. நான் பதினேழு வருஷமாக வார இறுதியில் அமெச்சூர் ஆட்டங்களுக்கு விசில் ஊதுகிறேன். சம்பளம் பெட்ரோலுக்குப் போதும், திட்டு இலவசம்.

அண்ணன் சொல்வதில் ஒரு விஷயம் சரி, ஆனால் அவர் சொல்கிற காரணத்துக்காக இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண ஒளிபரப்புக் கேமரா நொடிக்கு 50 படம் எடுக்கிறது. வேகமாக ஓடும் முன்கள வீரர் நொடிக்கு ஒன்பது மீட்டர்வரை ஓடுவார். அப்படியென்றால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் அவர் 18 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறார். எதிர்த்திசையில் தற்காப்பு வீரரும் ஓடினால் இன்னும் கூடும். பந்து காலை விட்டுப் பிரிந்தது எந்தப் படத்தில் என்று மனிதன் கண்ணால் தேர்ந்தெடுத்து, அதன் மேல் கால் விரலுக்குக் கோடு போட்டால், அந்தக் கோடு பார்ப்பதற்குத்தான் துல்லியம். அளக்கிற குச்சியே ஒரு சாண் ஆடுகிறது, அதை வைத்து விரல் நகத்தை அளந்தார்கள்.

2022 உலகக் கிண்ணத்தில் பந்துக்குள்ளேயே நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பும் கருவியை வைத்தார்கள், அது வேறு. பிரிமியர் லீக் பாதித் தானியங்கி முறைக்கு வந்ததே 2025 ஏப்ரலில்தான். அண்ணன் சொன்ன கோவென்ட்ரி கோல் அதற்கு முந்தையது. அன்று போட்டது கையால் போட்ட கோடு.

ஆனால் தம்பி சொன்னதும் உண்மை. என் ஆட்டங்களில் ஒரு விஏஆரும் கிடையாது. நான் தப்புச் செய்தால் அது தப்பாகவே போய்ச் சேரும். அந்த ராத்திரி எனக்கு எப்படி இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. ஒருமுறை அப்படி ஒரு பெனால்டி கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து யாரோ போனில் எடுத்த படத்தைக் காட்டினார்கள். இன்றைக்கும் அந்தத் திடல் பக்கம் பஸ்ஸில் போனால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறேன்.

தெம்பனிஸ் தம்பி

18 சென்டிமீட்டரா! இது எனக்குத் தெரியாது மாமா. ஆனால் அதற்குப் பதில் நல்ல கேமரா, விஏஆரை எடுப்பது இல்லை.

கோப்பி ஓ கோசோங்

கேமரா எதற்கு, காது கேட்டால் போதும். 2023 செப்டம்பர் 30, டோட்டன்ஹமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் போட்டது சுத்தமான கோல். களத்தில் ஆஃப்சைடு கொடுத்தார்கள். அறையில் இருந்தவர் களத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, சோதனை முடிந்தது, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டார். சில நொடியில் தப்பு தெரிந்துவிட்டது, ஆனால் ஆட்டம் தொடங்கிவிட்டதால் நிறுத்த முடியாதாம். ஒலிப்பதிவை அப்புறம் வெளியிட்டார்கள். எங்கள் ஆபீஸில் ஒரு வாரம் அதைத்தான் போட்டுக் கேட்டோம், அண்ணன் மாதிரி லிவர்பூல்காரர்கள் பக்கத்தில் இருக்கும்போது குறிப்பாக.

பழைய காலாங்காரன்

உனக்கு நரகத்தில் தனி இருக்கை இருக்கிறது தம்பி.

ஆனால் பார், நான் சொல்ல வந்தது இதுதான். நியாயம் கிடைக்கும் என்று சொல்லித்தான் அந்த நொடியை எங்களிடம் கேட்டு வாங்கினார்கள். நொடியும் போச்சு, நியாயமும் வரவில்லை.

இன்னொன்று. 1998 டைகர் கிண்ண இறுதி, ஹனோயில் வியட்நாமோடு. நம்ம சசிக்குமார் மேல் பட்டுப் பந்து உள்ளே போனது, தோளா முதுகா என்று அவருக்கே தெரிந்திருக்காது. 1-0. சிங்கப்பூரின் முதல் வட்டாரக் கிண்ணம். இன்று அது நடந்தால் நாலு நிமிடம் கோடு போட்டுப் பார்த்து, சட்டைக் கை எங்கே முடிகிறது என்று தர்க்கம் பண்ணி, கடைசியில் நம் கோலைத் தூக்கியிருப்பார்கள்.

விசில் மாமா

தோள் ஹேண்ட்பால் இல்லை அண்ணே. முதுகு நிச்சயமாக இல்லை. அந்தக் கோல் நிற்கும். நிம்மதியாகத் தூங்குங்கள்.

ஈசூன் அக்கா

ஆண்கள் எல்லாரும் பேசி முடித்துவிட்டீர்களா?

பழைய காலாங் பழைய காலாங் என்று சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் எரியும், சொல்லிவிடுகிறேன். என் மூன்று அண்ணன்மார்களும் மலேசியக் கிண்ண ஆட்டத்துக்குப் போவார்கள், என்னை வீட்டில் விட்டுவிட்டு. 1993இல் சுந்தரமூர்த்தி புருணைக்கு எதிராக அடித்த அந்த சைக்கிள் கிக்கைக் கூடத்தில் அண்ணன்கள் நடித்துக் காட்டிப் பூச்சாடியை உடைத்தார்கள், அதைக் கூட்டி அள்ளியது நான். 2005 ஜனவரியில் இந்தோனேசியாவோடு டைகர் கிண்ண இறுதியின் இரண்டாம் ஆட்டத்துக்குத்தான் நான் முதல்முறையாகக் காலாங்குக்குள் போனேன், கல்யாணம் ஆகி, சொந்தக் காசில். 2-1. அண்ணன் சொல்கிற அந்தக் காலுக்குக் கீழே ஏறும் சத்தம் உண்மை, நானும் கேட்டேன். ஆனால் அது எல்லாருக்கும் திறந்த கதவாக இருந்தது என்று நினைக்காதீர்கள்.

அப்புறம் இங்கிலாந்தின் "அந்தக் காலம்" பற்றியும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1985இல் பிராட்ஃபோர்டு தீயில் 56 பேர். அதே மாதம் பிரசெல்ஸ் ஹேசல் அரங்கில், லிவர்பூல் ஆடிய இறுதியாட்டத்தில் 39 பேர். 1989இல் ஹில்ஸ்பரோவில் நெரிசலில் மாண்டவர்கள் 97 பேர், லிவர்பூல்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் இருக்கை என்று வந்தது. நவீன காற்பந்தில் எனக்குப் பிடிக்காதது எவ்வளவோ உண்டு, ஆனால் ஆட்டம் பார்க்கப் போன பிள்ளை வீட்டுக்குத் திரும்பி வருகிறது.

ஒரு கேள்வி. நீங்கள் நாலு பேரும் கடைசியாக எப்போது ஜாலான் புசார் அரங்கத்துக்கு வந்தீர்கள்? தேக்காவிலிருந்து நடந்தே வரலாம். டிக்கெட் ஒரு மீன்தலைக் கறியைவிட மலிவு.

பழைய காலாங்காரன்

அக்கா, ஹில்ஸ்பரோ பற்றிச் சொன்னதற்கு என்னிடம் மறுப்பே இல்லை. அந்த ராத்திரிச் செய்தியை நான் மறக்கவில்லை.

ஜாலான் புசார் கேள்விக்கு நாளைக்குப் பதில் சொல்கிறேன்.

கோப்பி ஓ கோசோங்

ஹா ஹா. நாளைக்காம்.

அக்கா தொடங்கியதால் நானும் ஒன்று சேர்க்கிறேன். அந்தக் காலம் சுத்தம் என்று யாரும் கோயில் கட்டாதீர்கள். 1994இல் மலேசிய லீக்கும் கிண்ணமும் இரண்டையும் வென்றோம், ஷா ஆலமில் பகாங்கை 4-0, அப்பாஸ் சாட் மூன்று கோல். எங்கள் சித்தப்பா பஸ் பிடித்து எல்லை தாண்டிப் போய்த் தொண்டை போய் வந்தார். அதே காலத்தில்தான் காசு வாங்கிக்கொண்டு ஆட்ட முடிவை முன்பே நிர்ணயித்த வழக்குகளும் நடந்தன. 2013இல் ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோல் ஐரோப்பாவில் மட்டும் 380 ஆட்டங்கள் சந்தேகத்துக்குரியவை என்று அறிவித்தபோது, கும்பல் எந்த ஊர்? நம்ம ஊர். உலகக் காற்பந்தைக் கெடுத்ததில் நமக்கும் பங்கு உண்டு, கிளப்புகளை வாங்கும் எண்ணெய் பணக்காரர்களை மட்டும் திட்டினால் எப்படி.

தெம்பனிஸ் தம்பி

எண்ணெய் பணம் என்றதும் ஞாபகம் வருகிறது. விஏஆரில் அண்ணனோடு ஒத்துப்போகமாட்டேன், ஆனால் பண விஷயத்தில் எனக்கும் வயிறு எரிகிறது. 2017இல் நெய்மாருக்கு பாரிஸ் கிளப் பிஎஸ்ஜி 222 மில்லியன் யூரோ கொடுத்த நாளிலிருந்து விலைக்கு அர்த்தமே போய்விட்டது. மான்செஸ்டர் சிட்டி மேல் நூற்றுக்கு மேற்பட்ட குற்றச்சாட்டு என்று 2023 பிப்ரவரியில் சொன்னார்கள். எவர்ட்டனுக்கு மட்டும் அதே வருஷம் நவம்பரில் பத்துப் புள்ளி வெட்டி, அப்புறம் ஆறாகக் குறைத்தார்கள். சின்னக் கடைக்காரனுக்கு உடனே சம்மன், பெரிய கடைக்காரனுக்கு வாய்தா.

மற்றபடி, பிரிமியர் லீக் பருவத்தின் 380 ஆட்டத்தையும் நாம் இங்கே பார்க்கலாம். இங்கிலாந்தில் இருப்பவன் சனிக்கிழமை மூன்று மணி ஆட்டத்தை டிவியில் நேரலையாகப் பார்க்க முடியாது, தெரியுமா? நமக்கு ராத்திரி பத்துக்கோ பதினொன்றுக்கோ வருவது அவனுக்கு வராது.

பழைய காலாங்காரன்

பார்க்கலாம், காசு கட்டினால். 1990 இத்தாலி உலகக் கிண்ணத்தை நாங்கள் ஏரியலைத் திருப்பித் திருப்பி, மலேசிய ஆர்டிஎம் அலைவரிசையும் சேர்த்துப் பார்த்தோம். தம்பி, நாங்கள் கூரை மேல் ஏறவில்லை, ஜன்னலில் மூங்கில் கம்பு போடும் ஓட்டையில் ஏரியல் செருகியிருந்தோம், மழை வந்தால் பெட்டியில் பனி கொட்டும். 2014 உலகக் கிண்ணத்தைப் பார்க்க 105 வெள்ளி, ஜிஎஸ்டி தனி. 105 வெள்ளி பெரிய காசு இல்லை என்று இப்போது சொல்வார்கள். தினக்கூலிக்காரனிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

தூத்தூர்க்காரன்

தினக்கூலிக்காரன் வந்துவிட்டேன் அண்ணே.

நான் துவாஸ் பக்கம் வேலை. ஊர் கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர், கடற்கரையில் நடக்கத் தெரிந்த பிள்ளை எல்லாம் பந்து ஆடும். இங்கே விடுதியில் பன்னிரண்டு பேர் ஒரே அறை. சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் ராத்திரி மூன்று மணிக்கோ நாலு மணிக்கோ. ஐந்தரைக்கு லாரி. நான் போர்வைக்குள்ளே போனை வைத்துக்கொண்டு, சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பேன். கோல் விழுந்தால் போர்வையைக் கடித்துக்கொள்வேன், பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் கிரேன் ஓட்டுபவர், அவர் தூங்கியே ஆக வேண்டும். நீங்கள் கத்த முடியவில்லை என்று எழுதியதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மன்னிக்கணும். நான் மூன்று வருஷமாகக் கத்தவில்லை.

என் வருத்தம் வேறு. இந்தியாவின் பெரிய லீக்கான ஐஎஸ்எல் பருவத்தை 2025 ஜூலையில் நிறுத்தி வைத்தார்கள், யாரோடு யாருக்கு ஒப்பந்தம் முடிகிறது என்ற தகராறில். எங்கள் ஊர்ப் பையன்கள் மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கிண்ணம் ஆடி, கிளப்பில் இடம் கிடைக்கும் என்று வருஷக்கணக்கில் ஓடுகிறவர்கள். ஒரு கையெழுத்து வரவில்லை என்று எல்லாரும் மாதக்கணக்கில் வீட்டில் இருந்தார்கள். ஒரு பக்கம் 222 மில்லியன், இன்னொரு பக்கம் இது. விளையாட்டு ஒன்றுதானே?

கோப்பி ஓ கோசோங்

தம்பி, நீ எழுதியதற்குப் பிறகு என்ன சொல்வது என்று தெரியவில்லை. என் கிண்டலையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். யுனைடெட்டா?

தூத்தூர்க்காரன்

செல்சி அண்ணே.

கோப்பி ஓ கோசோங்

சரி, கிண்டலைத் திரும்பப் போட்டுக்கொள்கிறேன்.

பழைய காலாங்காரன்

தூத்தூர் தம்பி, எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. போர்வையைக் கடித்துக்கொண்டு பார்க்கிற பையன் இருக்கும்போது நான் தே ஓ ஆறிப்போச்சு என்று எழுதியிருக்கிறேன்.

ஈசூன் அக்காவுக்கு நேற்றுப் பதில் சொல்கிறேன் என்றேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஜாலான் புசாருக்குக் கடைசியாகப் போனது எந்த வருஷம் என்று யோசித்தேன், மலேசிய லீக்கில் ஆடிய நம்ம லயன்ஸ் 12 அணி அந்த லீக்கை வென்றது 2013, அந்தப் பக்கத்தில்தான். அந்த அணி 2015 முடிவில் போனதோடு நானும் போய்விட்டேன். காரணம் நிறையச் சொல்லிக்கொண்டேன். செயற்கைப் புல், ஆள் இல்லை, தரம் இல்லை. ஆள் இல்லை என்று சொல்லி நானும் போகாமல் இருந்தால் ஆள் எங்கிருந்து வரும் என்று வீட்டுக்காரி கேட்டாள், பதில் சொல்லாமல் குளிக்கப் போய்விட்டேன்.

ஈசூன் அக்கா

வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், எனக்குப் பேச ஆள் வேண்டும்.

2025 நவம்பர் 18, ஹாங்காங். எத்தனை பேர் பார்த்தீர்கள்? கை தக் அரங்கம் முழுக்க அவர்கள் ஆட்கள், ஒரு கோல் பின்தங்கியிருக்கிறோம், ஷவால் அன்வார் ஒன்று, நாலைந்து நிமிடத்தில் இல்ஹான் ஃபாண்டி ஒன்று. 2-1. ஆசியக் கிண்ணத்தை 1984இல் நாம் ஏற்று நடத்தியதால் அதில் ஆடினோம், தகுதிச்சுற்றில் ஜெயித்துப் போவது இதுதான் முதல் தடவை. ஃபாண்டி அகமது 1983இல் குரோனிங்கனுக்காக இண்டர் மிலான் மேல் கோல் போட்டதை நீங்கள் சொல்லிச் சொல்லிக் கேட்டு வளர்ந்தோம், இப்போது அவர் மகன் போடுகிறான். நான் வீட்டில் குதித்த குதியில் கீழ்வீட்டு ஆன்ட்டி மேலே வந்துவிட்டார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரும் அழுதுகொண்டிருந்தார்.

யாரும் "பொறு, பார்க்கட்டும்" என்று சொல்லவில்லை அண்ணே. சொந்த அணி என்றால் உடம்பு காத்திருக்காது.

தெம்பனிஸ் தம்பி

அக்கா சொன்னதுதான் பாயிண்டு. அண்ணனுக்கு விஏஆர் பிரச்சினை இல்லை, பத்தாயிரம் கிலோமீட்டர் பிரச்சினை.

பழைய காலாங்காரன்

பாதி சரி. மீதிப் பாதிக்கு நான் இன்னும் சண்டை போடுவேன். இங்கிலாந்தில் மைதானத்தில் நேரே உட்கார்ந்திருப்பவனும் பொறு பொறு என்றுதான் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கு ஏது பத்தாயிரம் கிலோமீட்டர்? திரையில் வீடியோவாவது நமக்குக் காட்டுகிறார்கள், அவனுக்கு அதுவும் சரியாகக் காட்டுவதில்லை.

அவர்கள் சும்மா இருக்கவும் இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். 2016 பிப்ரவரியில் டிக்கெட்டை 77 பவுண்டாக்கப் போகிறார்கள் என்று ஆன்ஃபீல்டில் ஆயிரக்கணக்கானோர் 77ஆவது நிமிடத்தில் எழுந்து வெளியே போனார்கள். அப்போது நாங்கள் 2-0 முன்னிலை. போன பிறகு 2-2. ஆனால் விலையை முதலாளிகள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 2021 ஏப்ரலில் பன்னிரண்டு கிளப் சேர்ந்து சூப்பர் லீக் என்று கிளம்பியதே, எங்கள் கிளப்பும் அதில் உண்டு, தலை குனிந்தேன். இரண்டே நாளில் ஆறு ஆங்கிலக் கிளப்பும் பின்வாங்கின. ஜெர்மனியில் வெளி முதலீட்டாளர் வேண்டாம் என்று ரசிகர்கள் டென்னிஸ் பந்தை மைதானத்துக்குள் எறிந்து எறிந்து ஆட்டத்தை நிறுத்தினார்கள், 2024 பிப்ரவரியில் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. வலென்சியாவில் 2014இலிருந்து முதலாளி நம்ம சிங்கப்பூர்க்காரர், அங்கே ரசிகர்கள் வருஷக்கணக்காகப் போராடுகிறார்கள். 2019இல் கோப்பா டெல் ரே கிண்ணம் வாங்கிக் கொடுத்த பயிற்றுவிப்பாளரைச் சில மாதத்தில் வெளியேற்றிவிட்டார்கள். அந்த ஊர்க்காரர்களிடம் நான் சிங்கப்பூர் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும்.

அவர்களுக்கு எழுந்து போக ஓர் இருக்கை இருக்கிறது. நான் எழுந்து போனால் கோப்பிக்கடைக்காரருக்குத்தான் நஷ்டம்.

விசில் மாமா

தூத்தூர் தம்பி, ஞாயிற்றுக்கிழமை ஆடுவது உண்டா? துவாஸ் பக்கத்து விடுதி அணிகள் ஆடும் ஒரு சின்னப் போட்டிக்கு நான் விசில் ஊதுகிறேன், சாயந்திரம் நாலரை.

தூத்தூர்க்காரன்

மாமா, ஆடுவேன்! இடது பக்கம். நீங்கள் தலையில் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு வருபவரா? போன மாதம் எனக்கு மஞ்சள் அட்டை கொடுத்தது நீங்களா?

விசில் மாமா

காலைத் தட்டினாய். கொடுத்தேன்.

பழைய காலாங்காரன்

நான் வரலாமா? பார்க்க மட்டும்.

விசில் மாமா

டிக்கெட் இல்லை, இருக்கை இல்லை, நிழலும் இல்லை அண்ணே. குடை கொண்டுவாருங்கள்.

பழைய காலாங்காரன்

ஞாயிறு ராத்திரி எழுதுகிறேன். போய் வந்தேன். எங்கள் மேசையில் இருவரையும் இழுத்துக்கொண்டு போனேன், எம்ஆர்டியில் ஒரு மணி நேரம், அப்புறம் பஸ். பக்கத்தில் ஒரு பையன் பாத்திரத்தில் பொரியும் சுண்டலும் வைத்திருந்தான், கேட்காமலே கொடுத்தான். எண்பது, தொண்ணூறு பேர் இருப்பார்கள். அந்தச் சத்தம் எனக்குப் போதும்.

தூத்தூர் தம்பி ஆட்டத்தைப் பற்றி இங்கே எல்லாருக்கும் சொல்ல வேண்டும். இரண்டாம் பாதியில் இடது ஓரமாக மூன்று பேரைத் தாண்டிக்கொண்டு வந்து அடித்தான், பந்து கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு உள்ளே விழுந்து வெளியே வந்தது. நான் குடையைப் போட்டுவிட்டுக் கத்தினேன். கூட வந்தவர் என்னைக் கட்டிப்பிடித்தார். அப்புறம் திரும்பிப் பார்த்தால் விசில் மாமா கையை ஆட்டிக்கொண்டு ஆட்டத்தைத் தொடரச் சொல்கிறார்!

மாமா, உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பந்து முழுசாக உள்ளே போனது. நான் நேர்கோட்டில் நின்றேன். அரை அடி உள்ளே.

தெம்பனிஸ் தம்பி

அண்ணே, ஒரு கேமரா வைத்திருக்கலாமோ?

பழைய காலாங்காரன்

நீ பேசாதே.

தூத்தூர்க்காரன்

உள்ளேதான் மாமா. சத்தியமாக. பரவாயில்லை, 2-1 ஜெயித்துவிட்டோம். மூன்று வருஷத்தில் முதல்முறையாகத் தொண்டை கட்டியிருக்கிறது, நாளைக்கு போர்மேன் கேட்டால் என்ன சொல்வது என்று யோசிக்கிறேன்.

விசில் மாமா

என் இடத்திலிருந்து முழுப் பந்தும் தாண்டவில்லை. முன்னால் இரண்டு பேர் மறைத்தார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இன்று எனக்குத் தூக்கம் வராது.

பின்னாலிருந்து ஒருவர் "ரெஃப்ரி காயு, ரெஃப்ரி காயு", அதாவது நடுவர் மரக்கட்டை என்று பத்து நிமிடம் விடாமல் கத்தினார். ரொம்ப வருஷம் பழகிய தொண்டை. யாரென்று தெரியும் அண்ணே.

பழைய காலாங்காரன்

அடுத்த ஞாயிறும் நாலரைதானே?